தலையில் அடித்துக்கொள்ளும் மகன்: காரணத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். தனித்தனிச் சொற்களாகக் கொஞ்சம் பேசுவான். வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டுவான். கடந்த நான்கு மாதங்களாக உள்ளங்கையால் தலையின் வலப்பக்கத்தில் ஓங்கி அடித்துக்கொள்கிறான், மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறான், ஐந்து வயதுத் தங்கையைத் தள்ளிவிடுகிறான். வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாலும் நடக்கிறது, தங்கை உரக்கப் படித்தாலும் நடக்கிறது, நான் கைப்பேசியில் பேசினாலும் நடக்கிறது. சில இரவுகளில் படுத்த பிறகு எந்தக் காரணமும் இல்லாமல் தொடங்கிவிடுகிறது. இந்த ஆண்டு வகுப்பாசிரியர் மாறியிருக்கிறார். ஆனால் பள்ளியில் அமைதியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். சாப்பாட்டில் எப்போதும் நான்கைந்து வகைதான். மலம் கழிக்க மூன்று நான்கு நாட்கள் ஆகும், அது சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு பயிற்சியாளர், கவனத்தை ஈர்க்கத்தான் செய்கிறான், கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்றார். மூன்று வாரம் அப்படியே இருந்து பார்த்தேன்; அதிகமாகிவிட்டது. செல்லம் கொடுத்ததால் வந்த அடம் என்கிறார்கள் உறவினர்கள். மருந்து கொடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. இது எதனால் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. மருந்தா, கண்டிப்பா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்ற முடிவுகள் எல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை. உங்களைச் சுற்றியுள்ளவர்கள் காரணம் தெரிவதற்கு முன்பே தீர்வைச் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் நீங்கள் பட்ட பாட்டுக்கு அதுதான் காரணமே தவிர, உங்கள் உறுதியில் குறை எதுவும் இல்லை. செல்லம் என்ற குற்றச்சாட்டையும் இப்போதே ஒதுக்கி வைத்துவிடலாம். ஒன்பது ஆண்டுகளாக அதே வீட்டில் அதே அம்மாவிடம் வளரும் பிள்ளையிடம் நான்கு மாதங்களுக்கு முன்பு புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறது என்றால், நான்கு மாதங்களுக்கு முன்பு எது மாறியது என்றுதான் கேட்க வேண்டும்.

கடிதத்தைப் படித்து உங்கள் மகனுக்கு இன்னதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. நேரில் பார்க்காமல் யாரும் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். உங்கள் கடிதமே அதற்குப் பல தடயங்களைத் தந்திருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடம், தங்கையின் குரல், உங்கள் கைப்பேசி உரையாடல், இரவுப் படுக்கை என்று நான்கு சூழல்களை எழுதியிருக்கிறீர்கள். நான்கிலும் அவன் செய்வது ஒன்றுபோலத் தெரிவதால், நான்குக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். எப்போதும் அப்படி இருப்பதில்லை. பேச்சு வழி குறைவாக உள்ள ஒரு குழந்தையிடம் தன் நிலையைத் தெரிவிக்க இரண்டு மூன்று வழிகள்தான் இருக்கும். வலித்தாலும், வேலை கடினமாக இருந்தாலும், சத்தம் தாங்க முடியாமல் போனாலும், அம்மா வேண்டும் என்றாலும் அந்த இரண்டு மூன்றையே அவன் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே ‘ஏன் அடித்துக்கொள்கிறான்’ என்று மொத்தமாகக் கேட்பதைவிட, ‘வீட்டுப்பாடத்தின்போது ஏன்’, ‘படுக்கையில் ஏன்’ என்று தனித்தனியாகக் கேட்பது பலன் தரும்.

உடலிலிருந்து தொடங்குங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்கியதோ, திடீரென்று அதிகரித்ததோ ஆன எந்த நடத்தைக்கும் உடல்நலக் காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளும் வரை, அதை நடத்தைப் பிரச்சினை என்று பெயரிடக் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலி உறைக்காது என்ற தவறான எண்ணம் மருத்துவர்கள் சிலரிடம்கூட இன்னும் இருக்கிறது. அவர்களுக்கும் வலிக்கிறது, அதை முகத்திலும் சொல்லிலும் காட்டும் விதம்தான் வேறுபடுகிறது. வயிறு வலிக்கும் குழந்தை வயிற்றைத் தொட்டுக் காட்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். உடலுக்குள் எழும் உணர்வை அடையாளம் கண்டு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பிரித்தறிவதே பல ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கடினம். அவர்களுக்குத் தெரிவது ஏதோ ஒன்று தாங்க முடியாததாக இருக்கிறது என்பது மட்டுமே.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை நின்று படித்த இடங்கள் இரண்டு. ஒன்று, தலையின் வலப்பக்கம். ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் அடித்துக்கொள்ளும் குழந்தைக்கு அந்தப் பக்கக் காது, பற்கள், தாடை ஆகியவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நடுக்காதில் அழற்சி இருந்தால் படுத்த நிலையில் வலி கூடும்; அவன் படுக்கையில் தொடங்குகிறான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒன்பது வயதில் பால் பற்கள் விழுந்து கடைவாய்ப் பகுதியில் புதிய பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். சொத்தை இருந்தாலும் வாயைத் திறந்து காட்டாத பிள்ளையிடம் அது எளிதில் தெரியவராது. ஒற்றைத் தலைவலியும் குழந்தைகளுக்கு வரும். படுத்ததும் வயிற்று அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் தருவதும் இரவு நேரத் தொந்தரவுக்கு ஒரு காரணம்.

இன்னொன்று, மலம் கழிக்க மூன்று நான்கு நாட்கள் ஆகும் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரி. சிறு வயதிலிருந்தே இருப்பதால் அது அவனுடைய இயல்பு என்று ஆகிவிட்டது. ஆனால் நாள்பட்ட மலச்சிக்கல் ஆட்டிசக் குழந்தைகளிடம் மிகவும் அதிகம். உணவு வகை குறைவாக இருப்பதும் அதற்குத் துணை போகிறது. மலம் இறுகி வலித்த அனுபவம் உள்ள குழந்தை அடுத்த முறை அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்க இன்னும் இறுகும். அவன் கால்விரல்களை ஊன்றி எக்கி நின்றுகொண்டு உடலை விறைப்பாக்குகிறானா, கால்களைப் பின்னிக்கொள்கிறானா, மேசை விளிம்பிலோ சோபாவின் கைப்பிடியிலோ வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்து கிடக்கிறானா என்று கவனியுங்கள். பார்ப்பவர்களுக்கு விளையாட்டுப் போலத் தெரியும் இந்த நிலைகள் வயிற்று வலியின் அடையாளமாக இருக்கக்கூடும். உள்ளாடையில் தண்ணீர் போன்ற மலக்கறை அவ்வப்போது இருந்தால் அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிவிடாதீர்கள். இறுகிய மலத்தின் ஓரமாக நீர்த்த மலம் கசிவது கடுமையான மலச்சிக்கலில் நடப்பதுதான். இனி ஒரு மாதத்துக்கு அவன் மலம் கழித்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடித்துக்கொண்ட நாட்களையும் அதே நாட்காட்டியில் வேறு நிறத்தில் குறியுங்கள். இரண்டுக்கும் தொடர்பு இருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தூக்கத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை முறை விழித்தான், குறட்டை விடுகிறானா, தூக்கத்தில் கால்களை ஓயாமல் அசைக்கிறானா என்பவை எல்லாம் மருத்துவருக்குப் பயன்படும். சாப்பாட்டு வகை குறைந்த குழந்தைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு வருவது உண்டு. அது தூக்கத்தின் அமைதியைக் கெடுக்கும். ஆட்டிசத்தோடு வலிப்பு நோய் சேர்ந்து வருவதும் பொது மக்களிடம் இருப்பதைவிட அதிகம் என்பதால், திடீரென்று வெறித்துப் பார்த்து அழைப்புக்குப் பதில் தராமல் இருப்பது, நடத்தைக்குப் பிறகு அசாதாரணமான அசதி, உடல் ஒரு பக்கம் துடிப்பது போன்றவற்றைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும். ஏற்கெனவே வேறு ஏதேனும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், அதைத் தொடங்கிய நாளையும் அளவு மாற்றிய நாளையும் எழுதிக்கொண்டு போங்கள். எரிச்சலும் அமைதியின்மையும் சில மருந்துகளின் பக்கவிளைவு.

மருத்துவரிடம் ‘இவன் ரொம்ப அடம் பிடிக்கிறான்’ என்று தொடங்காதீர்கள். ‘நான்கு மாதங்களாக வலப்பக்கத்தில் அடித்துக்கொள்கிறான், சில இரவுகளில் படுத்த பிறகு தொடங்குகிறது, மலம் கழிக்க மூன்று நான்கு நாட்கள் ஆகின்றன, காது, பல், வயிறு மூன்றையும் பார்க்க வேண்டும்’ என்று தொடங்குங்கள். முதல் வாக்கியம் எப்படி அமைகிறதோ அப்படித்தான் பரிசோதனையும் அமையும். பகலிலும் இரவிலும் நடந்தவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுவது பெரிய உதவி. காதில் விளக்கு வைத்துப் பார்ப்பதை அவன் ஏற்க மாட்டான் என்றால், வீட்டில் சிறு டார்ச் விளக்கை வைத்து முதலில் உங்கள் காதையும் பிறகு தங்கையின் காதையும் பிறகு அவன் காதையும் பார்ப்பதுபோலச் சில நாட்கள் பழக்குங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் முதல் ஆளாகப் பார்க்கும்படி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

உடல் காரணம் ஒன்று கிடைத்தாலும் தேடலை அதோடு நிறுத்த வேண்டாம். வலியால் தொடங்கிய ஒரு செயல், வேறு பலனும் தருவதைக் குழந்தை கண்டுகொண்டால், வலி போன பிறகும் நீடிக்கக்கூடும். வலியால் அடித்துக்கொண்டபோதெல்லாம் வீட்டுப்பாடம் எடுத்து வைக்கப்பட்டிருந்தால், இப்போது வீட்டுப்பாடத்தைக் கண்டாலே கை தலைக்குப் போகும். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. பலன் தந்த வழியை மனம் திரும்ப எடுத்துக்கொள்வது எல்லா மனிதருக்கும் உள்ள கற்றல் முறை.

இங்கேதான் ‘கவனத்தை ஈர்க்கச் செய்கிறான்’ என்ற அந்த முடிவை நாம் ஆராய வேண்டும். ஒரே மாதிரியான தன்னைத்தானே தாக்கும் செயலுக்குப் பின்னால் வெவ்வேறு தேவைகள் இருக்கலாம் என்பதை உளவியலாளர் எட்வர்ட் கார் 1977ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார். 1982இல் பிரையன் இவாட்டாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வளர்ச்சிக் குறைபாடு உள்ள 9 பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்தபோது, 6 பேரிடம் அந்தச் செயல் ஒரு குறிப்பிட்ட சூழலோடு தொடர்ந்து இணைந்திருந்தது. அந்தச் சூழல் ஆளுக்கு ஆள் மாறியது. அதே குழு 1994இல் 152 பேரின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. அதில் ஏறக்குறைய 38 சதவீதத்தினர் ஒரு வேலையிலிருந்தோ சூழலிலிருந்தோ விடுபடுவதற்காக அப்படிச் செய்தார்கள். பிறருடைய கவனத்தையோ ஒரு பொருளையோ பெறுவதற்காகச் செய்தவர்கள் ஏறக்குறைய 26 சதவீதம். வெளியார் யாருடைய எதிர்வினையும் தேவைப்படாமல், உடலின் உணர்வுக்காகவே செய்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்கள் அல்லர் என்பதால் இந்த விகிதங்களை அப்படியே நம் குழந்தைகளுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் ‘கவனத்துக்காகத்தான்’ என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது எவ்வளவு அவசரமான கணிப்பு என்பதை அவை காட்டுகின்றன.

கண்டுகொள்ளாமல் விட்டபோது ஏன் அதிகமாயிற்று என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. வீட்டுப்பாடத்திலிருந்து விடுபடுவதற்காக அவன் அடித்துக்கொண்டிருந்தால், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த நேரம் அவனுக்குப் பாடம் நின்றுபோன நேரம். நினைத்தது நடந்தது, ஆகவே செயல் வலுப்பட்டது. காது வலியாலோ வயிற்று வலியாலோ அடித்துக்கொண்டிருந்தால், வலியோடு அவன் தனியாக விடப்பட்டான். உங்கள் கவனத்துக்காகவே செய்திருந்தாலும்கூட, வழக்கமாகக் கிடைத்து வந்தது திடீரென்று நின்றால், குறைவதற்கு முன்னால் அந்தச் செயல் சில காலம் உக்கிரமாகும். தலையில் அடித்துக்கொள்ளும் குழந்தையிடம் அந்த உக்கிரத்தைக் காத்திருந்து பார்ப்பது ஆபத்து. ஒரே அறிவுரை மூன்று காரணங்களில் மூன்று விதமாக வேலை செய்கிறது, மூன்றிலும் உங்கள் மகனுக்குக் கேடாக. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைக்கு இந்த முறையைக் காரணம் ஆராயாமல் பரிந்துரைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

இனி வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய பதிவு. இதை நடத்தையின் முன்பின் பதிவு என்று சொல்வோம்: நடப்பதற்குச் சற்று முன் என்ன இருந்தது, அவன் என்ன செய்தான், உடனே பின்னால் என்ன ஆயிற்று. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எழுதும் விதத்தில்தான் பயன் இருக்கிறது. ‘மாலை கோபப்பட்டான், அடித்துக்கொண்டான், சமாதானப்படுத்தினேன்’ என்று எழுதினால் அதிலிருந்து எதுவும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாலை 6:10. கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது. தங்கை அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை உரக்கப் படிக்கிறாள். அவன் இரண்டு முறை காதைப் பொத்தினான், எழுந்து நடந்தான், முனகினான். மூன்றாவது பக்கம் படிக்கும்போது அவளைத் தோளில் பிடித்துத் தள்ளினான். அவள் அழுதுகொண்டு சமையலறைக்கு வந்துவிட்டாள். நான் அவனைத் திட்டினேன். அவன் உட்கார்ந்து பழையபடி கட்டைகளை அடுக்கத் தொடங்கினான்.’

இந்த ஒரு பதிவிலேயே எவ்வளவு தெரிகிறது பாருங்கள். தள்ளுவதற்கு முன்னால் அவன் மூன்று முறை அறிகுறி காட்டியிருக்கிறான். அந்த மூன்றும் யாருக்கும் எட்டவில்லை. தள்ளிய பிறகு சத்தம் நின்றுவிட்டது. நீங்கள் திட்டியது அவனைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இது தங்கைமேல் உள்ள பொறாமையாக இருப்பதைவிட, ஒலியின் சுமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கேட்பது, பார்ப்பது, தொடுவது போன்ற புலன்களில் மிகை உணர்வும் குறை உணர்வும் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாக 2013ஆம் ஆண்டு முதல் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நமக்குப் பின்னணியில் கரைந்துவிடும் மின்விசிறிச் சத்தமும் குழல்விளக்கின் துடிப்பும் அவனுக்குக் கரையாமல் இருக்கலாம்; அதன் மேல் தங்கையின் குரலும் ஏறும்போது அவன் தாங்கும் எல்லை முடிந்துவிடுகிறது.

பதிவில் இன்னும் ஒரு பத்தி வேண்டும்: அன்றைய நாள் எப்படி இருந்தது என்பது. முந்தைய இரவுத் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மலம் கழித்த நாள், பள்ளியில் வழக்கத்துக்கு மாறாக நடந்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளி. தூண்டுதல் ஒன்றாகவே இருந்தும் திங்கட்கிழமை தாங்கிக்கொண்ட சத்தத்தைச் செவ்வாய்க்கிழமை தாங்க முடியாமல் போவதற்கு விடை பெரும்பாலும் இந்தப் பத்தியில்தான் இருக்கும். நடந்த நேரங்களோடு, நடக்காத நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் விளையாடும்போது ஒருமுறைகூட நடந்ததில்லை, அப்பாவோடு நடக்கும்போது நடந்ததில்லை என்பவை காரணத்தைக் காட்டுவதில் நடந்த நேரங்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. எல்லாவற்றையும் எழுத உங்களால் முடியாது. இரண்டு வாரம், நாளுக்கு ஒன்றிரண்டு நிகழ்வுகளை உடனுக்குடன் எழுதினாலே போதும். இரவில் நினைவிலிருந்து எழுதும்போது நம்முடைய களைப்பும் பதிவில் கலந்துவிடும்.

வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை, எந்தப் பாடம், எத்தனையாவது நிமிடம், எழுதச் சொன்னபோதா படிக்கச் சொன்னபோதா என்று பிரித்துப் பாருங்கள். பென்சில் பிடிப்பதே கடினமாக இருக்கலாம், கேள்வி புரியாமல் இருக்கலாம், எப்போது முடியும் என்று தெரியாததே தாங்க முடியாததாக இருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. கைப்பேசி விஷயத்தில் உங்கள் பயிற்சியாளர் சொன்னது பொருந்தக்கூடும். அம்மா அருகில் இருந்தும் தனக்குக் கிடைக்காத நேரம் அது. அப்படியானால்கூட, கவனம் கேட்பது குழந்தையின் நியாயமான தேவை. கேட்க நல்ல வழி அவனிடம் இல்லை என்பதுதான் நாம் சரிசெய்ய வேண்டிய குறை.

பள்ளியில் அமைதியாக இருக்கிறான் என்ற செய்தியை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. பகல் முழுவதும் தன்னை அடக்கி வைத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் கட்டவிழும் பிள்ளைகள் பலர். புதிய ஆசிரியரின் குரல், உட்காரும் இடம், கால அட்டவணை, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் முறை ஆகியவை மாறியிருக்கின்றனவா என்று கேளுங்கள்; பள்ளிக் கழிப்பறையைத் தவிர்ப்பதற்காக மலத்தை அடக்கும் குழந்தைகளும் உண்டு. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி ஆட்டிசம் உள்ள குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்குப் பதற்றக் கோளாறு ஒன்றாவது இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலை அந்தப் பதற்றத்தைப் பெருக்கும். எழுதுவதற்கே மனம் கனக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: யாரேனும் அவனைக் கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா, தவறாகத் தொடுகிறார்களா என்பதையும் விசாரிக்க வேண்டும். சொல்லத் தெரியாத குழந்தைகள் இத்தகைய கொடுமைக்கு எளிதில் ஆளாகிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ வண்டியையோ கண்டு புதிதாக அஞ்சுவது, உடை மாற்ற மறுப்பது, விளக்கம் இல்லாத காயங்கள் ஆகியவை இருந்தால் தாமதிக்காதீர்கள்.

இரண்டு வாரப் பதிவு கையில் இருந்தால், உளவியலாளரோ சிறப்பாசிரியரோ உங்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு வாக்கியம் எழுத முடியும். ‘இரவுத் தூக்கம் குறைந்த நாளில், கூடத்தில் இரண்டு ஒலிகள் சேர்ந்து இருக்கும்போது, தங்கையைத் தள்ளுகிறான்; ஒலி நின்றுவிடுகிறது’ என்பது போல. இது ஊகம்தான், ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் தங்கையை வேறு அறையில் ஒரு வாரம் படிக்க வையுங்கள். தள்ளுவது குறைந்தால் ஊகம் வலுப்பெறுகிறது. மாற்றம் இல்லையென்றால் வேறு வாக்கியம் எழுத வேண்டும். ஒரே வாரத்தில் ஐந்து மாற்றங்களைச் செய்துவிட்டால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது, ஆகவே ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அவனை வேண்டுமென்றே தூண்டிவிட்டு என்ன செய்கிறான் என்று பார்க்கும் சோதனைகளை வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது. அவை பயிற்சி பெற்றவர்கள் மருத்துவக் கண்காணிப்போடு, தேவைப்பட்டால் மட்டும் செய்பவை.

காரணம் தெரிந்த பிறகு, அதே பலனைத் தரும் எளிய வழி ஒன்றைக் கற்றுக்கொடுக்கலாம். இதில் 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டியூராண்டும் நான்கு குழந்தைகளோடு செய்த ஆய்வை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். பாடம் கடினமாக இருந்ததால் முரண்டிய குழந்தைக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தபோது முரண்டுவது வெகுவாகக் குறைந்தது. அதே குழந்தைக்குப் பாராட்டைக் கேட்டுப் பெறும் வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. காரணத்தோடு பொருந்தும் சொல் மட்டுமே உதவியது. உங்கள் மகன் வாக்கியம் பேச வேண்டும் என்பதில்லை. ‘போதும்’ என்ற படம் உள்ள ஓர் அட்டையைக் கையில் கொடுத்தாலே ஆயிற்று. அட்டையை நீட்டிய உடனே, எதுவும் பேசாமல், இரண்டு நிமிடம் பாடத்தை எடுத்து வையுங்கள். அடித்துக்கொள்வதைவிட அட்டை விரைவாகவும் உறுதியாகவும் பலன் தந்தால்தான் கை அட்டைக்குப் போகும். முதல் சில வாரங்கள் அவன் இருபது முறை நீட்டினாலும் இருபது முறையும் ஏற்க வேண்டும். காத்திருக்கப் பழக்குவது அதற்குப் பிறகு.

மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆட்டிசக் குழந்தைகளின் கடுமையான எரிச்சலுக்கும் தாக்குதலுக்கும் ரிஸ்பெரிடோன் 2006இலும் அரிபிப்ரசோல் 2009இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றன. சில குழந்தைகளுக்கு அவை உண்மையாகவே உதவுகின்றன. ஆனால் உடல் எடை கூடுவது, மந்தமான தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் உண்டு. காது வலியை அவை குணப்படுத்தாது, வலியைக் காட்டும் தெம்பை மட்டும் குறைத்துவிடக்கூடும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முதலில் வலி, உடல்நோய், மனநலம், சூழல், வழக்க மாற்றம் ஆகியவற்றை ஆராயச் சொல்கிறது. பிற உதவிகள் போதாதபோதும், நடத்தையின் கடுமையால் அவற்றைச் செயல்படுத்தவே முடியாதபோதும்தான் இந்த மருந்துகளைப் பரிசீலிக்கச் சொல்கிறது. தொடங்கிய 3 முதல் 4 வாரங்களில் மறுபரிசீலனை செய்து, 6 வாரங்களில் குறிப்பிடத்தக்க பலன் இல்லையென்றால் நிறுத்தச் சொல்கிறது. மருந்து தேவைப்பட்டால் அதில் குற்ற உணர்வு வேண்டாம். முதல் படியாக மட்டும் அதை எடுக்காதீர்கள்.

இதற்கிடையில் நடக்கும்போது என்ன செய்வது என்ற கவலை உங்களுக்கு இருக்கும். கேள்வி கேட்காதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் சொற்களும் அவனுக்குச் சுமை. விளக்கையும் ஒலியையும் குறையுங்கள். அவன் கைக்கும் தலைக்கும் நடுவே மெத்தென்ற தலையணையை நீட்டுங்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால் ஒழிய அவனை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். அடித்துக்கொண்ட பிறகு வாந்தி, மயக்கம், நடையில் தள்ளாட்டம் இருந்தாலோ, கண்ணை நோக்கி அடிக்கவோ குத்தவோ தொடங்கினாலோ, முன்பு இருந்த பேச்சும் திறமையும் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ பதிவு முடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ‘அண்ணனுக்குச் சத்தம் வலிக்கிறது, அவன் காதைப் பொத்தினால் நீ என்னிடம் ஓடி வந்துவிடு’ என்று அவளுக்குப் புரியும் சொற்களில் சொல்லி, ஓடி வருவதற்கு ஓர் இடத்தையும் காட்டி வையுங்கள். விட்டுக்கொடுக்கும் பொறுப்பு முழுவதும் அவள்மேல் விழாமல் இருக்க, அவளுக்கென்று நாளில் கொஞ்ச நேரம், அவன் வேறு ஒருவரோடு இருக்கும்போது, ஒதுக்குங்கள். காது, பல், வயிற்றுப் பரிசோதனையை இந்த வாரமே முடியுங்கள்; முன்பின் பதிவை இன்று மாலையே தொடங்கலாம், மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.